சாதி நாய்: உடைமையும் கடமையும்

நமது பேச்சு வழக்கில் 'சாதி நாய்' என்றொரு சொற்றொடர் உண்டு. வமிசாவளி தெரிந்த, விலை கொடுத்து வாங்கப்பட்ட நாயை நாம் அவ்வாறு அழைக்கிறோம். தெருவிலே பிறந்து தெருவிலே வளர்வதற்கு அந்தப் பெயர் இல்லை. அது வெறும் ஊர் நாய். ஆங்கிலேயரோ இன்னும் ஒரு படி மேலே சென்றனர். ஒடுக்கப்பட்ட தமிழ் மக்கட் கூட்டம் ஒன்றின் பெயரையே எடுத்து, கீழைத் தேசங்களின் தெரு நாய்களுக்கெல்லாம் 'பறையா நாய்' என்று பெயர் சூட்டித் தமது அகராதிகளிலும் ஏற்றிக்கொண்டனர். மனிதரை மனிதர் தரம் பிரிக்கும் ஒழுங்கு விலங்குகளின் மீதும் எவ்வளவு இலகுவாகப் படர்ந்துவிடுகிறது!

இக்கட்டுரையில் நாம் ஆராய முற்படுவது சிறியதொரு வினாவாகத் தோன்றக்கூடும். மனிதன் தனது தேவைக்கும் இரசனைக்கும் ஏற்ப ஓர் உயிரின் உருவத்தையும் குணத்தையும் தலைமுறை தலைமுறையாக வனைகிறான். அதனிடம் வேலை வாங்குகிறான், அல்லது அதன் வயிற்றுப் பிறப்புக்களை விற்றுப் பணம் ஈட்டுகிறான். பின்னர் அது பயன்படாத வயதை அடைந்ததும் அதற்கு அவன் கடன்பட்டவனா? கடன்பட்டவன் எனின், அக்கடனை இறுக்கவேண்டியவர் யார்? வளர்ந்த சாதி நாயொன்றை வீட்டுக்கு எடுத்துக்கொள்ள எண்ணும் எவரும், தெரிந்தோ தெரியாமலோ, இவ்வினாவின் முன்னேதான் நிற்கின்றனர். பிரித்தானியாவை நாம் உதாரணமாகக் கொள்வோம். இனத்தூய்மை என்னும் கருத்து பதிவேடும் பத்திரமுமாக நாய்களின் மேல் இறங்கியது அங்கேதான்; அதன் விளைவுகள் பகிரங்கமாக விவாதிக்கப்பட்டதும் அங்கேதான்.

மனிதர் பசித்திருக்கையில் நாயைப் பற்றி என்ன பேச்சு என்று நண்பர்கள் சிலர் கேட்பர். கேட்கவேண்டிய கேள்விதான். சீமாட்டியின் மடியிலே இறைச்சி உண்ணும் நாயையும், அடுப்படியிலே மீந்ததை உண்ணும் வேலைக்காரச் சிறுமியையும் ஒரே வீட்டில் கண்ட சமுதாயம் நமது. நாயிடத்துக் காட்டும் பரிவு மனிதரிடத்துக் காட்டாத பரிவுக்குத் திரையாகிவிடுவதை நாம் அறியாதவரல்லர். ஆயினும் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். கிறிஸ்துவுக்கு முன் இரண்டாம் நூற்றாண்டிலே உரோமாபுரியில் வாழ்ந்த கேட்டோ என்பான், பண்ணை நடத்துவோருக்கு அறிவுரையாக ஒரு நூல் எழுதினான். பண்ணையைப் பார்வையிட வரும் எசமான் எவற்றை விற்றுத் தள்ளவேண்டும் என்று அதில் ஒரு பட்டியல் தருகிறான். கிழட்டு எருதுகள் அதில் உண்டு. பழைய வண்டி உண்டு. அதே பட்டியலில், அதே தொனியில், முதிய அடிமையும் நோயாளி அடிமையும் உண்டு. சில நூற்றாண்டுகளின் பின் கேட்டோவின் வரலாற்றை எழுதிய புளூட்டார்க், அவனது ஏனைய குணங்களைப் புகழ்ந்தாலும் இவ்விடத்தில் நின்று கண்டிக்கிறார். தம்மிடம் உழைத்து மூத்த எருதையே தாம் விற்கமாட்டார் என்கிறார். அங்ஙனமிருக்க முதிய மனிதனை விற்பது எங்ஙனம் என்பது அவர் வாதம். கப்பலைப் பின்தொடர்ந்து சலாமிஸ் தீவுவரை நீந்திச்சென்று உயிர்விட்ட நாயொன்றுக்கு அதன் எசமான் கல்லறை எழுப்பிய கதையையும் அதே இடத்திற் கூறுகிறார். எருதையும் அடிமையையும் ஒருங்கே கழித்துவிடும் அந்தப் பேரேடுதான் நமது விடயம். அப்பேரேட்டில் நாயின் பெயரை மட்டும் இருக்கவிட்டு மனிதனின் பெயரை அழித்துவிடலாம் என்று நாம் நம்பவில்லை.

இனி, இந்தச் 'சாதி' எங்ஙனம் தோன்றிற்று எனக் காண்போம். நாய்களிடையே வேறுபாடுகள் பழையன. ஆடு மேய்க்கவும், முயல் துரத்தவும், வளை தோண்டவும் வெவ்வேறு வகை நாய்களை மக்கள் பன்னெடுங்காலமாகப் பேணி வந்தனர். ஆனால் அவற்றின் தகுதி வேலையிலே சோதிக்கப்பட்டது. நன்றாக வேலை செய்யும் நாய் எதனுடனும் கலந்தது. 1859ஆம் ஆண்டு யூன் மாதத்தில் நியூகாசில் நகரில் நடந்த நாய்க் கண்காட்சியே இன்றைய முறையிலான முதற் கண்காட்சி என்பர். வேட்டைக்குரிய இரண்டே வகை நாய்கள் அங்கு காட்டப்பட்டன. பரிசாகத் துப்பாக்கிகள் வழங்கப்பட்டன. டார்வின் தமது உயிரினங்களின் தோற்றம் பற்றிய நூலை வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். உயிரினங்களுக்கு நிலையான வடிவம் இல்லையென்று விஞ்ஞானம் கூறத் தொடங்கிய அதே வேளையில், கனவான்கள் நாய்களுக்கு நிலையான வடிவம் தேடத் தொடங்கினர்! 1873இல் லண்டனில் கென்னல் கிளப் நிறுவப்பட்டது. அதை நிறுவியவர் ஷேர்லி, அயர்லாந்தின் மொனகன் பகுதியிலே பெரும் நிலங்களை உடைய குடும்பத்தவர்; பாராளுமன்ற உறுப்பினர். 1891இல் தமது பெயராலேயே புகழ்பெற்ற கண்காட்சியைத் தொடக்கிய சார்ள்ஸ் கிறப்ற் நாய் விசுக்கோத்து விற்கும் கம்பனியிலே தொழில் பார்த்தவர். நிலப்பிரபுவின் வமிசாவளிப் பற்றும் வியாபாரியின் விளம்பரத் திறனும் கைகோத்த இடத்திலேயே தூய இன நாய் பிறந்தது எனலாம்.

பதிவேடு மூடப்பட்டது. அதில் ஏற்கெனவே இடம்பெற்ற நாய்களின் சந்ததியே இனித் தூய சந்ததி. தாயும் மகனும், தந்தையும் மகளும், உடன்பிறந்தவையும் இணைந்து ஈன்ற குட்டிகளைப் பதிவதில்லை என்று கென்னல் கிளப் முடிவு செய்தது 2009ஆம் ஆண்டிலேதான். அதற்கு முந்திய ஆண்டு பி.பி.சி. தொலைக்காட்சி ஒளிபரப்பிய ஒரு விவரணப் படம் நாடெங்கும் எழுப்பிய கண்டனத்தின் பின்னரேதான்.

தூய்மையின் விலை என்ன என்பதற்கு டல்மேஷன் நாயின் கதையைவிடச் சிறந்த சான்று நாம் அறியோம். வெள்ளை உடலிற் கரும்புள்ளிகள் பொலியும் அழகிய நாய் அது. அதன் இனம் முழுவதிலும் ஒரு குறை பரவியிருந்தது: ஏனைய நாய்களின் உடல் யூரிக் அமிலத்தை மாற்றி எளிதில் வெளியேற்றிவிடும், டல்மேஷனின் உடல் அதனைச் செய்யாது. ஆகவே சிறுநீர்ப்பையிற் கல் உண்டாகும். ஆண் நாய்களில் அக்கல் வழியை அடைத்து உயிருக்கே ஆபத்தாவதுண்டு. தூய டல்மேஷன் ஒவ்வொன்றிலும் இக்குறை இருந்தமையால் தூய இரத்தத்துக்குள்ளே மருந்தைத் தேடமுடியாது. 1973இல் அமெரிக்காவில் மரபியல் அறிஞர் ஒருவர் ஒரு டல்மேஷனை பொயின்ரர் வகை நாயொன்றுடன் இணைத்தார். ஒரே ஒரு முறை. பின்னர் அதன் சந்ததியை மீண்டும் மீண்டும் டல்மேஷன்களுடனேயே இணைத்துச் சென்றார். சில தலைமுறைகளில் புள்ளியிலும் தோற்றத்திலும் வேறுபாடு காணமுடியாத, ஆனால் அந்தக் குறை அற்ற நாய்கள் கிடைத்தன. நோய்க்கு மருந்து கிடைத்துவிட்டது, மகிழ்ந்திருக்கவேண்டுமன்றோ? இனக் காவலர்கள் மகிழவில்லை. பல தலைமுறைகளுக்கு முன் கலந்த அந்தத் துளி வெளி இரத்தத்தைக் காட்டிக் கதவை அடைத்தனர். அமெரிக்கக் கென்னல் கிளப் அவற்றை ஏற்றுக்கொண்டது 2011ஆம் ஆண்டில். இடைப்பட்ட ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளிற் கல்லடைப்பினால் துடித்த நாய்கள், ஒரு தாளின் மானத்தைக் காப்பதற்காகத் துடித்தன. கலப்பினால் குலம் கெடும் என்ற வாதத்தை மனிதரைப் பற்றிக் கேட்டுப் பழகிய நமது செவிகளுக்கு இதில் புதுமை எதுவும் இல்லை.

புல்டோக்கின் கதையும் இதன் உடன்பிறப்பே. 1835இல் எருதுகளை நாய்விட்டுக் கடிக்கச் செய்யும் விளையாட்டைச் சட்டம் தடுத்தது, நல்ல சட்டம். வேலை இழந்த நாயைக் கண்காட்சி மேடை ஏற்றெடுத்தது. தலை பெருத்தது, மூக்கு உட்புதைந்தது, இடுப்பு ஒடுங்கிற்று. 2010இல் பிரித்தானியாவில் வெளியான ஓர் ஆய்வின்படி புல்டோக் ஈற்றுக்களில் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டவை வயிற்றைக் கீறியே எடுக்கப்பட்டன. நோர்வே நாட்டின் உயர் நீதிமன்றம் 2023இல், அங்கு நடைபெற்றுவந்த முறையிற் கவலியர் கிங் சார்ள்ஸ் ஸ்பானியல் நாய்களை இனவிருத்தி செய்வது விலங்கு நலச் சட்டத்துக்கு முரணானது எனத் தீர்த்தது. இதய வால்வு நோயும், மூளைக்கு இடம்போதாத மண்டையோட்டின் வேதனையும் அந்த இனத்திற் பரவலாக ஊறிப்போய்விட்டன என்பதே வழக்கின் சாரம்.

இத்தகைய நாய்கள் குட்டியாக இருக்கையிற் கடைப்பண்டம். பண்டத்துக்குரிய மயக்கம் அனைத்தும் குட்டியிடம் உண்டு: உருண்டை முகம், பட்டுப்போன்ற உரோமம், இனி வரப்போவதைப் பற்றிய வாக்குறுதி. வாங்குபவர் காண்பது அதனை மட்டுமே. அதனை ஈன்ற தாயை அவர் காண்பதில்லை. அவ்வாறு காணாதிருக்கும்படியே அந்த வியாபாரம் அமைக்கப்பட்டிருந்தது. 2013ஆம் ஆண்டிலே வேல்ஸ் பகுதியின் குட்டிப் பண்ணையொன்றிலிருந்து லூசி என்ற கவலியர் பெண் நாயொன்று மீட்கப்பட்டது. தொடர்ந்து கூட்டிலே அடைபட்டு ஈன்று ஈன்று, அதன் முதுகு வளைந்து, இடுப்பு எலும்புகள் ஒட்டிப்போயிருந்தன. இனி ஈனாது என்றவுடன் அது வேண்டாததாயிற்று. 2016இல் அது இறந்தது. அதன் பெயரால் எழுந்த இயக்கத்தின் பேறாக, ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டிகளை இடைத்தரகர் விற்பதைத் தடுக்கும் சட்டம் 2020 ஏப்ரலில் இங்கிலாந்திலே நடைமுறைக்கு வந்தது. தாயோடு சேர்த்துக் குட்டியைக் காட்டியே விற்றல்வேண்டும். உற்பத்தி நடைபெறும் இடத்தை வாங்குபவன் கண்ணாற் காணவேண்டும் என்னும் இக்கோட்பாடு நாய்களுக்கு மட்டும் உரியதா என்பதை மாணவ நண்பர்கள் தமக்குள் விவாதித்துப் பார்க்கலாம்.

வளர்ந்த சாதி நாய்களில் இன்னொரு பெருங்கூட்டம் கிரேஹவுண்ட் நாய்கள். மின்விசையால் ஓடும் பொய்முயலைத் துரத்தும் பந்தயம் 1926 யூலையில் மான்செஸ்ரர் நகரின் பெல் வியூ மைதானத்திலே பிரித்தானியாவுக்கு அறிமுகமாயிற்று. குதிரைப் பந்தயம் பிரபுக்களுடையது. இது தொழிலாளியின் சில்லறையைக் குறிவைத்தது. 1929இலும் 1930இலும் டேர்பிப் பந்தயத்தை வென்ற மிக் த மில்லர் என்ற நாயின் உடல் பாடம் செய்யப்பட்டு இன்றும் அருங்காட்சியகத்திலே நிற்கிறது. ஏனையவற்றின் கதி வேறு. பெரும்பாலும் நான்கைந்து வயதுக்குள் ஓட்டம் முடிந்துவிடும். ஆயுளோ பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள். 2006இல் சண்டே ரைம்ஸ் பத்திரிகை ஒரு செய்தியை வெளியிட்டது. டேர்ஹம் மாவட்டத்துச் சீஹம் ஊரில் ஒருவர் நாயொன்றுக்குப் பத்துப் பவுண் வாங்கிக்கொண்டு, ஓய்வுபெற்ற பந்தய நாய்களைக் கொன்று தமது நிலத்திற் புதைத்து வந்தார். பதினைந்து ஆண்டுகளில் ஏறத்தாழ 10,000 நாய்கள் என்று அப்பத்திரிகை கணித்தது. அவர் தண்டிக்கப்பட்டார், கொன்றமைக்காக அன்று. அனுமதிப்பத்திரம் இன்றிக் கழிவுப் பொருளை நிலத்திற் புதைத்தமைக்காக! உடைமையை உடைமையாளன் அழிக்கலாம், நிலத்தை மாசுபடுத்தலாகாது. சட்டத்தின் கண்ணுக்கு அந்த நாய்கள் எவையாகத் தெரிந்தன என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

பதினெட்டாம் நூற்றாண்டின் ஜேர்மானிய மெய்யியலாளர் இம்மானுவேல் காண்ட் தமது ஒழுக்கவியல் விரிவுரைகளிலே இதே நிலைமையை உதாரணமாக எடுத்தார் என்பது வியப்புக்குரியது. நெடுங்காலம் விசுவாசமாக உழைத்த நாய் இனி உழைக்க இயலாதபோது அதனைச் சுட்டுக்கொல்லும் மனிதன் தவறு செய்கிறானா? நாய்க்கு அவன் நேரே கடமைப்பட்டவனல்லன், ஏனெனில் நாய் நியாயம் அறியாதது என்றார் காண்ட். ஆயினும் அவன் தன்னுள் இருக்கும் மனிதத்தன்மையைச் சிதைத்துக்கொள்கிறான், அது மனிதரிடத்து அவன் நடக்கும் முறையையும் கெடுக்கும் என்றார். இவ்விடையின் பிற்பாதியை நாம் ஏற்கிறோம். முற்பாதி நமக்கு உடன்பாடன்று. கடன் எதிலிருந்து பிறக்கிறது? கடன்கொடுத்தவனின் அறிவிலிருந்து அன்று, பெற்றுக்கொண்ட பயனிலிருந்து. கணக்கெழுதத் தெரியாத கூலியாளுக்குக் கூலி கொடுக்கவேண்டியதில்லை என்று எவரேனும் வாதித்தால் நாம் சகிப்போமா? சாதி நாயின் விடயத்தில் கடன் இரட்டிப்பாகிறது. அதன் உழைப்பை எடுத்ததோடு மனிதன் நிற்கவில்லை; அதன் உடலையே, நோய் உட்பட, அவன்தான் வனைந்தான். தன்னோடு இறுதிவரை நடந்து வந்த நாயை விட்டுவிட்டுச் சுவர்க்கம் புக மறுத்த தருமரின் கதையை நம்மவர் அறிவர். அந்த நாய் ஈற்றில் தருமதேவதையாக மாறியது என்று கதை முடிகிறது. மாறாமல் நாயாகவே இருந்திருந்தால் தருமரின் செய்கை இன்னும் உயர்ந்ததாயிருக்கும் என்று நாம் எண்ணுகிறோம்.

எனவே வளர்ந்த நாயைத் தெரிவது குட்டியை வாங்குவதினின்றும் குணத்திலேயே வேறுபட்ட செய்கை. இங்கே வாக்குறுதி இல்லை. உள்ளது உள்ளபடி எதிரே நிற்கிறது. அதனால் தெரிவும் பொறுப்போடு நடத்தல் கூடும். இன்ன உயரம், இன்ன சுபாவம், பிள்ளைகளைக் கண்டால் ஒதுங்குகிறதா, தனித்திருக்கும்போது அலறுகிறதா என்பன முன்னரே அறியத்தக்கவை. கவலியர் நாயின் இதய முரலொலியை மிருக வைத்தியர் காதுக்குழலாற் கேட்டுச் சொல்லலாம். ஜேர்மன் செப்பேட் நாயின் இடுப்பு மூட்டை எக்ஸ்றேப் படம் காட்டிவிடும். இவ்வாறு அறிவது குறையுள்ளதைத் தள்ளுவதற்காக அன்று. நமது வருமானமும் நேரமும் எந்தக் குறையைத் தாங்கும் என்று நேர்மையாக அளப்பதற்காக. தாங்கமுடியாததை இரக்கத்தால் ஏற்று ஆறு மாதத்திலே திருப்பிக் கொடுப்பவர், கொடுமனம் படைத்தவரிலும் பார்க்கக் கூடுதலான துன்பத்தை விளைக்கக்கூடும்.

பந்தய நாய் பிறந்தது முதல் கொட்டிலிலே வாழ்ந்தது. படிக்கட்டு என்றால் என்ன என்று அதற்குத் தெரியாது. கண்ணாடிக் கதவு தெரியாது. மாடிப்படியின் அடியிலே நின்று நடுங்கும் அந்தப் பெரிய நாய்க்கு ஒவ்வொரு காலாக எடுத்துவைத்துப் பழக்கவேண்டும். பொய்முயலின் பின்னே ஓடிய கால்கள் பூனையைக் கண்டாலும் ஓடும். ஆகவே திறந்த வெளியில் வாரை அவிழ்த்துவிடலாகாது. தோல் மெல்லியது, கொழுப்புக் குறைவு. அந்நாட்டுக் குளிரிலே அதற்கு மேலாடை வேண்டும், படுக்க மெத்தை வேண்டும். பற்கள் பெரும்பாலும் சிதைந்திருக்கும். சிலவகை மயக்க மருந்துகள் அதன் உடலை விட்டு நீங்க நெடுநேரம் செல்லும் என்பதை மருத்துவர் அறிந்திருத்தல் வேண்டும். குட்டிப் பண்ணையிலிருந்து வந்த தாய் நாயோ வேறுவகை. நீட்டிய கையைக் கண்டு சுருங்கும், கூட்டுக்குள்ளேயே கழித்துப் பழகியமையால் வீட்டுக்குள்ளும் கழிக்கும், சில குரைப்பதேயில்லை. அதனை அடிப்பது வீண், அழைப்பதுங்கூடச் சில நாட்களுக்கு வீண். அருகே அமர்ந்து புத்தகம் வாசித்துக்கொண்டிருப்பதே பெரும்பாலும் சிறந்த சிகிச்சை. வாரங்கள் செல்லும், மாதங்களும் செல்லும். 2006ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நாய் வைத்திருப்போர் மீது, கொடுமை செய்யாதிருத்தல் மட்டுமன்றி, இடம், உணவு, இயல்பான நடத்தை, துணை, நோயினின்றும் வலியினின்றும் காப்பு என்பவற்றை அளிக்கும் கடமையையும் சுமத்தியது. செய்யாதே என்ற சட்டம் செய் என்ற சட்டமாக மாறியது பெரிய மாற்றந்தான். ஆனால் அது கடமையைச் சுமத்துவது இப்பொழுது வைத்திருப்பவர் மீது. முன்னர் பயன் பெற்றவர் அதற்குள் கையைக் கழுவியிருப்பார்.

இங்கேதான் சங்கடமான ஒரு வினா எழுகிறது. ஓய்வுபெற்ற பந்தய நாயை அன்புடையார் ஒருவர் ஏற்கும்போது, பந்தய முதலாளிகளின் கழிவகற்றும் செலவை அவர் தமது பையிலிருந்து கொடுக்கிறார் அல்லவா? தர்மம் சுரண்டலுக்கு முட்டுக்கொடுக்கிறது என்ற பழைய குற்றச்சாட்டு இங்கும் பொருந்தாதா? பொருந்தும். அதை மறைப்பதற்கில்லை. ஆயினும் இக்காரணத்தால் நாயைக் கொட்டிலிலே விட்டுவிடுவது, தொழிலாளர் நிவாரணம் முதலாளிக்கு உதவும் என்று வேலைநிறுத்தக்காரனின் பிள்ளைக்குக் கஞ்சி மறுப்பது போன்றது. நாய் காத்திருக்க முடியாது. அதன் வாழ்நாள் குறுகியது. இரண்டையும் ஒருங்கே செய்தல் முடியும், செய்தும் இருக்கின்றனர். ஐக்கிய அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திலே 2018இல் மக்கள் வாக்களித்து நாய்ப் பந்தயத்தை ஒழித்தனர். 2020 முடிவோடு ஓட்டம் நின்றது. பந்தய நாய்களை வீட்டிலே வைத்திருந்தவர்களும் அந்த இயக்கத்தில் இருந்தனர். இனவிருத்தியாளனிடம் பணம் கொடுத்து அவன் கழித்த தாய் நாயை வாங்குவது மட்டும் நமக்கு ஒப்பாகவில்லை. அது அவனது கடைசி வருமானமாகிவிடும். காப்பகத்தின் வழியாக எடுப்பதே முறை.

செலவின் கணக்கையும் பார்த்துவிடுவோம். 2020ஆம் ஆண்டில் பிரித்தானியப் பந்தய நிருவாகம் ஓய்வுத் திட்டமொன்றைத் தொடங்கியது. அதன்படி தொடக்கத்தில் நாயொன்றுக்கு 400 பவுண் பிணைப்பணமாக இருந்தது. அதிலே பாதி உடைமையாளனுடையது, பாதி நிருவாகத்தினது. நாய் புதிய வீடு தேடிக் காப்பகத்துக்குச் செல்லும்போது அப்பணமும் உடன் செல்லும். நான்கு வயதில் ஓய்வுபெறும் நாய் இன்னும் எட்டு ஆண்டுகள் வாழுமாயின், அத்தொடக்கத் தொகையில் ஆண்டுக்கு 50 பவுண் விழுந்தது. மயக்க மருந்து கொடுத்து அதன் பற்களை ஒரு தடவை செப்பனிடும் கட்டணம் மட்டும் அதன் பன்மடங்கு. குதிரைப் பந்தயத்திற் சூதாட்டக் கம்பனிகளிடமிருந்து சட்டப்படி கட்டாய வரி அறவிடப்படுகிறது. நாய்ப் பந்தயத்துக்கு அவை கொடுப்பது தாமாக விரும்பிக் கொடுக்கும் நிதியே. மிகுதியை, ஆண்டுதோறும், பந்தயத்தில் ஒரு சதமேனும் வென்றறியாத ஓர் ஆசிரியையோ ஓய்வூதியக்காரரோ மிருக வைத்தியரின் மேசையிலே எண்ணி வைக்கிறார்.